அப்பாவின் கொடுப்பனவு நின்றுபோனது பற்றிக் கேட்ட தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மேலோட்டமாகப் பார்த்தால் நிறுத்தின கொடுப்பனவுக்கு மேன்முறையீடு செய்யலாமா என்பதுதான் கேள்வி. ஆனால் அதற்கு முன்னால் நீங்கள் சொன்ன கதை பெரிது. அப்பாவுக்கு 2009 ஏப்ரலில் ஷெல் பட்டு வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது, கன வருஷமாக மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு வந்துகொண்டிருந்தது, இப்போது சிறுநீரகமும் பழுதாகி ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து வவுனியாவுக்கு டயலிசிஸுக்குப் போய்வருகிறார், நாலு மாதமாக வங்கிப் புத்தகத்தில் ஒன்றும் விழவில்லை, கேட்டால் "திரும்பப் பார்த்ததில் பெயர் எடுபட்டுவிட்டது" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள், போன கிழமை சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது, அப்பா "விடு பிள்ளை" என்கிறார். ஆக, எழும்பி இருக்கவே ஏலாத மனுசனைக் கந்தோர் கந்தோராக இழுக்காமல், அவர் இடத்தில் நீங்கள் நின்று இந்த அலுவலைப் பார்க்க முடியுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது. முடியும். முக்கால்வாசி வேலை கடிதத்தாலேயே நடக்கும்.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். வன்னிக்குள்ளே பிரதேச செயலகங்களில் சமூக சேவைப் பிரிவில் கன காலம் இருந்து ஓய்வு பெற்றவன். வழக்கறிஞனும் இல்லை, வைத்தியனும் இல்லை. சட்டம் பற்றி நான் சொல்வது வேலையில் கையாண்ட அளவுக்குத்தான், நீதிமன்றம் வரைக்கும் போகிற நிலை வந்தால் சட்ட உதவி ஆணைக்குழுவில் ஒருக்கா கேட்டுவிட்டுப் போங்கள், வசதியில்லாதவர்களுக்கு அங்கே காசு கேட்கமாட்டார்கள்.

முதல் வேலை, காரணத்தை எழுத்தில் வாங்குவது. வாயால் சொன்ன காரணத்துக்கு மேன்முறையீடு எழுதினால் அது இருட்டில் கல் எறிகிற மாதிரி. நீங்கள் "கால் இல்லை, கால் இல்லை" என்று நாலு பக்கம் எழுதுவீர்கள், அங்கே கோப்பில் இருக்கிற காரணம் வருமானமாக இருக்கும், அல்லது அடையாள அட்டை இலக்கத்தில் ஒரு எண் மாறி விழுந்திருக்கும், அல்லது அஸ்வெசும என்கிற அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவுத் திட்டத்தின் கணக்கெடுப்பில் வீட்டைப் பற்றிப் பதிந்த ஏதாவது ஒன்றாக இருக்கும். இந்த அஸ்வெசும குழப்பம் எங்கள் பக்கத்தில் அதிகம். அஸ்வெசும குடும்பத்தை அளக்கிற திட்டம், கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று ஆறு பக்கத்தால் 22 குறிகாட்டிகளை வைத்துப் பார்ப்பார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை லட்சத்துக்குக் கட்டின கல்வீடு, உள்ளே சமைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும், படிவத்தில் நிரந்தர வீடுதான். மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவு ஆளுக்கு உரியது, 2025 ஏப்ரலில் இருந்து மாதம் 10,000 ரூபா, அதற்கு முன் 7,500. இரண்டும் வேறு வேறு. கவுண்டரில் இருக்கிற பிள்ளைகளே சில நேரம் இரண்டையும் போட்டுக் குழப்புவதைக் கண்டிருக்கிறேன், அதனால் எந்தக் கொடுப்பனவு, எந்தத் திகதியில், யாருடைய முடிவால், எந்தச் சுற்றறிக்கையின் கீழ் நிறுத்தப்பட்டது என்று நாலையும் பிரித்துக் கேளுங்கள்.

இதைக் கேட்க உங்களுக்குச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்தது தகவல் கேட்கிற பகுதிதான். அதே சட்டத்தில் 35ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, கனபேருக்கு, உத்தியோகத்தர்களுக்கே, அது தெரியாது. ஒரு அதிகாரியின் முடிவால் பாதிக்கப்பட்டவர் கேட்டால் அந்த முடிவுக்கான காரணத்தை எழுத்தில் கொடுக்கவேண்டும் என்கிறது அது. ஆகவே ஒரே கடிதத்தில் இரண்டையும் கேளுங்கள்: 35ஆம் பிரிவின்படி காரணம், மற்றது கோப்பில் உள்ள கள விஜய அறிக்கை (உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்த்து எழுதினது), வைத்தியப் படிவம் இரண்டினதும் பிரதி. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அதே திணைக்களத்தில் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு 14 நாளுக்குள் மேன்முறையீடு, அதற்கும் அசையாவிட்டால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் விளக்கத் தேவையில்லை. கையெழுத்து மட்டும் அப்பாவுடையதாக இருக்கட்டும், ஏனென்றால் வைத்தியத் தகவல் அவருடைய சொந்த விஷயம், மகள் கேட்டால் அதைச் சாட்டிக் கொடுக்காமல் விடலாம். எழுத ஏலாதவர் வாயால் கேட்டாலும் தகவல் அலுவலர்தான் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதும் சட்டத்தில் இருக்கிறது.

சிங்களக் கடிதத்தை யாரிடமாவது காட்டி விளங்கப்படுத்திக்கொள்ளுங்கள், இன்றைக்கே. தமிழில் கடிதம் பெறுகிற உரிமை அரசியலமைப்பிலேயே இருக்கிறது, அரசகரும மொழிகள் பக்கத்துக்கு 1956 என்ற இலக்கத்துக்கு அடித்து முறையிடலாம், எல்லாம் சரி. ஆனால் "தமிழில் தாருங்கள்" என்று எழுதிவிட்டுப் பதில் வரும்வரைக்கும் காத்திருந்தால் கடிதத்தில் போட்டிருக்கிற தவணை ஓடிவிடும். அதில் மேன்முறையீட்டுக்கு நாள் குறிப்பிட்டிருந்தால் அந்த நாள்தான் உங்கள் நாள். குறிப்பிடாவிட்டால் கடிதம் கிடைத்து 30 நாள் என்று நீங்களாகவே வைத்துக்கொள்ளுங்கள், இது சட்டம் இல்லை, என்னுடைய பழக்கம், பிந்திப்போய்க் கெட்டவர்களைத்தான் நான் கூடக் கண்டிருக்கிறேன். காரணம் கையில் வருமுன் நாள் முடிகிறதென்றால் அரைப்பக்கத்தில் ஒரு கடிதம் போதும்: "இந்த முடிவை ஏற்கவில்லை, மேன்முறையீடு செய்கிறேன், காரணம் கேட்டு இன்ன திகதியில் கடிதம் கொடுத்துள்ளேன், அது கிடைத்ததும் மேலதிக விபரம் தருவேன்." பிரதேச செயலாளருக்கு, பிரதிகள் மாவட்டச் செயலாளருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய செயலகத்துக்கும். பதிவுத் தபாலில் போடுங்கள், நேரே கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்தான்.

இனி நான் சொல்லப்போவது எனக்கே வெட்கமான கதை. மீள்குடியேற்றம் நடந்த காலம், ஒரு நாளைக்குப் பதினைந்து வீடு பார்க்கவேண்டும் என்று எனக்கொரு பட்டியல் தந்திருந்தார்கள். ஒரு வீட்டில் கால் இழந்த ஒருவர், நான் போன நேரம் செயற்கைக் காலைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து "வாங்கோ ஐயா" என்று கூப்பிட்டு, கதிரையையும் தானே இழுத்துப் போட்டார். நான் பத்து நிமிஷம் இருந்தேன், தேத்தண்ணி குடித்தேன், படிவத்தில் "தனியாக நடமாடக்கூடியவர்" என்று எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். அந்தக் காலைப் போட அவருக்கு எவ்வளவு நேரம் எடுக்கும், போட்டால் எவ்வளவு நேரம் தாங்கும், கழற்றும்போது துணியில் இரத்தம் இருக்குமா, மலசலகூடத்துக்கு இரவில் எப்படிப் போகிறார், ஒன்றும் கேட்கவில்லை. பேந்து அவர் மனைவி கந்தோருக்கு வந்து அழுதபோதுதான் தெரிந்தது, ஆள் வருகிறது என்று கேள்விப்பட்டு மரியாதைக்காகக் காலைப் போட்டுக்கொண்டு ஒரு மணித்தியாலம் காத்திருந்தாராம். அந்த ஒரு வரியை மாற்ற எனக்கு ஏழு மாதம் எடுத்தது, நான் உள்ளே இருந்தும். உங்கள் அப்பாவின் கோப்பிலும் அப்படி ஒரு வரி இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்லமாட்டேன், பிரதி கையில் வந்தால் தெரியும். எங்கள் சனம் வந்தவரை முகம் கொடுத்து உபசரிக்கிற சனம், வருத்தத்தைக் காட்டுவதை ஒரு குறைவாக நினைக்கும். அடுத்த முறை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்தால் அப்பா வழமையாக அந்த நேரம் எப்படி இருப்பாரோ அப்படியே இருக்கட்டும், படுத்திருந்தால் படுத்தபடியே. நடிக்கச் சொல்லவில்லை, எழும்பி நடிக்கவேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

மேன்முறையீட்டின் உயிர் வைத்தியக் கடிதம்தான். இதில் எல்லோரும் விடுகிற பிழை, வருத்தத்தின் பெயரை எழுதி வாங்குவது. "சிறுநீரகச் செயலிழப்பு, வலது கால் துண்டிக்கப்பட்டவர்" என்று ஒரு வரி வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அந்த வரி ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது. வேண்டியது, அவரால் என்ன ஏலாது என்பது. கிளினிக் கொப்பியைத் திறந்து பாருங்கள், ஆங்கிலத்தில் "ஸ்டேபிள்" என்று எழுதியிருக்கும். வைத்தியருடைய அர்த்தத்தில் அது போன முறையைவிட மோசமாகவில்லை என்பது, கந்தோரில் இருக்கிறவர் அதை "ஆள் நல்லாயிருக்கிறார்" என்று வாசிப்பார். அதனால் வைத்தியரிடம் போகுமுன் நீங்களே ஒரு கொப்பியில் இரண்டு கிழமைக்கு எழுதி வையுங்கள்: இன்றைக்கு எழும்பினது எத்தனை மணிக்கு, காலைப் போட்டாரா, எத்தனை அடி நடந்தார், யார் பிடித்தது, குளிக்க வார்த்தது யார், டயலிசிஸ் முடிந்து வந்து எத்தனை மணித்தியாலம் படுத்தார், அடுத்த நாள் சாப்பிட முடிந்ததா. பெரிய வசனம் ஒன்றும் வேண்டாம்.

உங்கள் அப்பாவின் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது, ஒவ்வொரு வருத்தத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறவர்களுக்கு அது தெரியாது. டயலிசிஸ் எடுப்பவர்களுக்கு ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் இடையில் உடம்பில் நீர் சேரும், வெட்டின காலின் அடிப்பகுதியும் வீங்கும், அப்போது செயற்கைக் காலின் குழிக்குள் அது போகாது, போனாலும் உரசிப் புண் வரும். டயலிசிஸில் நீரை எடுத்த பிறகு அதே கால் தளர்ந்து கழன்றுகொண்டு நிற்கும். இந்த இழுபறியில் கிழமையில் அரைவாசி நாள் கால் இருந்தும் இல்லாத மாதிரித்தான். சரி, ஊன்றுகோலைப் பிடித்து நடக்கலாமே என்றால், டயலிசிஸ் ஏற்றுவதற்காக நாளத்தைச் சேர்த்துச் சத்திரசிகிச்சை செய்த கையில் பாரம் கொடுக்கவேண்டாம் என்று வைத்தியசாலையில் சொல்லியிருப்பார்கள். அப்படிச் சேர்த்திருந்தால் எந்தக் கை என்று பார்த்து எழுதுங்கள். அப்பாவுக்கு இதில் எது எவ்வளவு பொருந்தும் என்பதை வைத்தியர்தான் சொல்லவேண்டும், நான் சொல்லக்கூடாது. ஆனால் பொருந்தினால் இந்த மூன்று வசனங்கள் கடிதத்தில் வரவேண்டும்: கால் போட முடியாத நாட்கள், ஊன்றுகோலுக்குத் தடை, டயலிசிஸ் நாளிலும் அடுத்த நாளிலும் அவர் இருக்கிற நிலை. கிளினிக்கில் வைத்தியருக்கு ஒரு ஆளுக்கு ஐந்து நிமிஷம்கூட இல்லை. நீங்கள் எழுதிய கொப்பியை நீட்டி "டொக்டர், இதைப் பார்த்து ஒரு கடிதம்" என்று கேட்டால் வேலை சுகம், சும்மா "கடிதம் தாங்கோ" என்றால் பழைய ஒரு வரிதான் வரும். இடையில் ஒன்று, இந்த வருத்தம் கிணற்றுத் தண்ணீரால் வந்ததா கிருமிநாசினியால் வந்ததா என்ற வாதத்தை மேன்முறையீட்டுக்குள் கொண்டுவரவேண்டாம். எங்கள் பக்கத்திலும் பதவியா, மெதவாச்சிப் பக்கத்திலும் அது பெரிய கேள்விதான், விஞ்ஞானிகளே இன்னும் முடிவுக்கு வரவில்லை, உங்கள் விண்ணப்பத்துக்கு அது தேவையும் இல்லை.

2009 பேப்பர்கள் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தீர்கள். யாரிடம்தான் இருந்தது. கால் போனதற்கே ஆதாரம் கேட்டால் பார்க்கிற கண்ணுக்கு அதைவிட ஆதாரம் இல்லைதான், ஆனாலும் எப்போது, எப்படி என்று கேட்பார்கள். புதுமாத்தளனிலிருந்து செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பலில் ஏற்றப்பட்டவர்கள் முதலில் திருகோணமலைக்கும் பிறகு புல்மோட்டைக்கும் கொண்டுபோகப்பட்டார்கள், அங்கிருந்து வேறு வைத்தியசாலைகளுக்கு மாற்றினார்கள். அப்பா அந்த வழியால் வந்தவர் என்றால் கடைசியாக எந்த வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று அவரிடமே கேட்டு, அங்குள்ள பதிவறைக்கு எழுதுங்கள், வருஷம், மாதம், முழுப்பெயர், அந்த நேரத்து விலாசம் கொடுத்து. கிடைக்கும் என்று உறுதியில்லை, பழைய கட்டில் சீட்டுகளை எல்லா இடத்திலும் வைத்திருப்பதில்லை. இதைவிடச் சுகமான வழி, முதல் செயற்கைக் கால் பொருத்தின இடம். யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிறுவனத்தில் என்றால் அங்கே ஆளுக்கொரு கோப்பு இருக்கும், எப்போது முதல் கால், எப்போது மாற்றினது, என்ன அளவு என்று. அதுவும் கிடைக்காவிட்டால் சமாதான நீதவான் முன் ஒரு சத்தியக்கடதாசி, அதோடு விதானையாரின் (கிராம அலுவலரின்) உறுதிப்படுத்தல். இத்தனை வருஷம் கொடுப்பனவு தந்ததே ஒரு ஆதாரம் என்பதையும் மறக்கவேண்டாம், ஆரம்பத்தில் ஏற்றுக்கொண்ட கோப்பு அவர்களிடம்தான் இருக்கவேண்டும்.

நீங்கள் அப்பாவுக்குப் பதிலாகப் போகலாம். அப்பா கையெழுத்திட்ட ஒரு அதிகாரக் கடிதம், அவர் அடையாள அட்டைப் பிரதி, உங்களுடையது, விதானையாரின் கையொப்பம், நான் இருந்த இடங்களில் இவ்வளவும் போதுமாக இருந்தது. வங்கி அலுவலுக்கு இது போதாது, அவர்கள் அற்றோனித் தத்துவம், அதாவது அவருக்காகச் செயற்பட உங்களுக்கு அதிகாரம் தருகிற பத்திரம், கேட்கக்கூடும். நொத்தாரிசை வீட்டுக்குக் கூப்பிட்டுச் செய்யலாம், ஆனால் அப்பா நிதானமாக இருக்கும்போதே செய்யவேண்டும், அவருக்கு ஏதும் நடந்தால் அந்தப் பத்திரமும் அந்த நிமிஷத்தோடு முடிந்துவிடும். கையெழுத்து வாங்குகிற எதையும் டயலிசிஸ் நாளில் வைக்கவேண்டாம். அன்றைக்கு ஆள் சோர்ந்து தலை சுற்றிப்போய் இருப்பார், என்னத்துக்குக் கையெழுத்து வைத்தேன் என்றே பிறகு நினைவிருக்காது. இன்னுமொன்று, கந்தோரில் ஆளை நேரே கொண்டுவரச் சொன்னால் சண்டைக்குப் போகாமல், "நடமாட முடியாதவர், வைத்தியக் கடிதம் இணைத்துள்ளேன், வீட்டுக்கு வந்து பார்க்கும்படி கேட்கிறேன், செவ்வாய், வெள்ளி டயலிசிஸ்" என்று உங்கள் நாட்களைப் போட்டு எழுதிக் கொடுங்கள். எந்தக் கந்தோருக்காகவும் ஒரு டயலிசிஸைத் தவறவிடக்கூடாது. ஒரே ஒரு தரம்தானே என்று விட்டவர்களைத் தெரியும்.

நிச்சயமில்லாதவற்றையும் சொல்லவேண்டும். நின்ற மாதங்களின் நிலுவை கிடைக்குமா என்றால், கிடைத்ததையும் கண்டிருக்கிறேன், "இனிமேல்தான்" என்று முடிந்ததையும் கண்டிருக்கிறேன். கடிதத்தில் நிலுவையைக் கட்டாயம் கேளுங்கள், ஆனால் அதை நம்பி வட்டிக்குக் கடன் எடுக்கவேண்டாம். மேன்முறையீட்டுக்குப் பதிலே வராவிட்டால் வவுனியாவில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது, 1996 என்ற இலக்கத்திலும் பேசலாம். நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர், ஒம்புட்ஸ்மன் என்பார்கள், அவருக்கும் எழுதலாம், மெதுவான வழி, ஆனால் காசு செலவில்லை. அடிப்படை உரிமை மனு என்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போகவேண்டும், மீறல் நடந்து ஒரு மாதத்துக்குள். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால் அங்கே விசாரணை நடக்கிற காலம் கணக்கில் சேராது என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் வெறும் முறைப்பாடு போட்டது போதுமா, விசாரணை உண்மையில் நடந்ததென்று காட்டவேண்டுமா என்பதை நீதிமன்றம் எப்போதும் ஒரே மாதிரி வாசிக்கவில்லை. இந்த இடத்தில் என் சொல்லை நம்பி நிற்காதீர்கள், சட்டத்தரணியிடம் போங்கள். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், உங்கள் விஷயம் கொழும்புக்குப் போகத் தேவையில்லாத விஷயம், இங்கேயே ஒரு நல்ல வைத்தியக் கடிதத்தோடு தீரக்கூடியது.

இது நடக்கிற காலத்தில் மற்றக் கதவுகளையும் தட்டிப் பாருங்கள். சிறுநீரக நோயாளருக்கும் தனியாக மாதக் கொடுப்பனவு இருக்கிறது, 2025இல் அதுவும் 10,000 ஆனது, அதற்கான விண்ணப்பத்தையும் அதே பிரதேச செயலகத்தில் கேளுங்கள், ஒன்றை வாங்கினால் மற்றது வெட்டுப்படுமா என்பதையும் எழுத்தில் கேட்டுவிட்டுக் கொடுங்கள். அப்பா முன்பு விவசாயிகள் ஓய்வூதியத்துக்குக் காசு கட்டியிருந்தால், அந்தத் திட்டம் 1987இல் வந்தது, அங்கவீனமானவர்களுக்கும் அதில் ஒரு நன்மை உண்டு, பழைய புத்தகத்தைத் தேடிப் பாருங்கள். எங்கேயாவது சம்பளத்துக்கு நின்று ஊழியர் சேமலாப நிதி வெட்டியிருந்தால், நிரந்தரமாக வேலை செய்ய முடியாதவர் என்ற வைத்தியச் சான்றோடு வயதுக்கு முன்பே எடுக்கலாம். யுத்தக் காயத்துக்கான இழப்பீடு வேறு அலுவலகம், 2018ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இழப்பீட்டுக்கான அலுவலகம், இந்தக் கொடுப்பனவோடு அதைப் போட்டுக் குழப்பவேண்டாம்.

அப்பா "விடு பிள்ளை" என்கிறார் என்றீர்களே. அவரிடம் இதை ஒரு சண்டையாகச் சொல்லாதீர்கள். கையெழுத்து மூன்று தேவை, கதைக்கவேண்டியது ஒரு தரம் வைத்தியரோடு, ஒரு தரம் வீட்டுக்கு வருகிற உத்தியோகத்தரோடு, மிச்சம் எல்லாம் நான் பார்க்கிறேன் என்று சொல்லுங்கள். என்னிடம் வந்த கனபேர் மறுத்தது காசை இல்லை, திரும்பத் திரும்ப ஒருவர் முன்னால் போய்த் தன் காலைக் காட்டிக்கொண்டு நிற்பதைத்தான். அது இனி இல்லை என்று தெரிந்தால் அவர் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன். சம்மதிக்காவிட்டால், அதுவும் அவர் முடிவுதான், கையெழுத்தை நீங்களே போடவேண்டாம், அது எல்லாவற்றையும் கெடுக்கும்.

அந்தச் சிங்களக் கடிதம் வந்த உறை எங்கே? குப்பைக்குள் போட்டிருந்தால் இப்போதே போய்த் தேடுங்கள். உள்ளே கடிதத்தில் இருக்கிற திகதி ஒரு மாதம் முந்தியதாக இருக்கலாம், அது உண்மையில் எப்போது தபாலில் போடப்பட்டது என்று காட்டுகிற தபால் முத்திரை அந்த உறையில்தான் இருக்கிறது.